சிவனொளிபாதமலைக்கு எந்தப் பக்கத்தால் ஏறுவது?

கேள்வி: எனக்கு வயது 48. வருகிற பெப்ரவரியில் 14 வயது மகனைக் கூட்டிக்கொண்டு சிவனொளிபாதமலைக்குப் போக இருக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் ஹட்டன் பக்கத்தால் ஏறினேன். இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறினால்தான் அது யாத்திரை என்கிறார்கள் நண்பர்கள். படி இறங்கும்போது எனக்கு வலது முழங்கால் வலிக்கும். எந்தப் பாதை நல்லது? (வவுனியா வாசகர்)

பதில்: முழங்காலைப் பற்றி எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு வலிப்பது இறங்கும்போது. ஆகவே எந்தப் பக்கத்தால் இறங்குவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏறுவதைப் பிறகு பார்க்கலாம்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். ஹட்டன் பக்கத்தில் ஏற்றம் தொடங்கும் நல்லதண்ணியே 1,200 மீற்றருக்குக் கிட்ட இருப்பதால், அங்கே ஏறி இறங்க வேண்டியது ஏறக்குறைய 1,000 மீற்றர்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், மூன்று நான்கு மணித்தியால ஏற்றம். இரத்தினபுரிப் பக்கத்தில் ஏற்றம் தொடங்கும் பலாபத்தல தாழ்வான இடம். அங்கிருந்து உயரம் ஒன்றரை மடங்குக்கும் மேல், ஏற ஏழு எட்டு மணித்தியாலம் வேண்டும். அதே பக்கத்திலுள்ள குருவிட்ட எரத்னப் பாதையும் நீளமானதுதான். இந்த இரண்டும் ஹெரமிட்டிபான என்ற இடத்தில் சேர்ந்து, மகாகிரிதம்ப என்ற செங்குத்தான ஏற்றத்தால் உச்சிக்குப் போகின்றன.

படி இறங்கும்போது முழங்காற்சிரட்டையில் உடல் எடையைப் போலச் சில மடங்கு அழுத்தம் விழுகிறது. மலைப்படிகள் வீட்டுப் படி போல ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்று சாண் உயரம், அடுத்தது முழங்கால் வரை. காலுக்கு ஒரு தாளம் பிடிபடாது. விடிந்த பிறகு நல்லதண்ணிப் படிகளில் பார்த்திருப்பீர்கள்: கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறவர்கள், ஏறும்போது எல்லாரையும் முந்திப் போனவர்களாகவே இருப்பார்கள். இரத்தினபுரிப் பக்கத்தில் அந்த இறக்கம் இன்னும் பல மணித்தியாலம் நீளும். அந்தக் காலோடு அந்தப் பக்கத்தால் இறங்க வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரத்தினபுரி ஆசையையும் விடத் தேவையில்லை. அந்தப் பக்கத்தால் ஏறி, ஹட்டன் பக்கத்தால் இறங்கலாம். இது பழைய முறையும்கூட. 1344இல் இங்கு வந்த மொரோக்கோப் பயணி இபுன் பதூதா, பாவா (ஆதாம்) பாதை, மாமா (ஏவாள்) பாதை என்று இரண்டைச் சொல்கிறார். மாமா பாதை சுலபமானது, யாத்திரிகர் அதனால்தான் திரும்புவார்கள். அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே கருதமாட்டார்களாம். உங்கள் நண்பர்களின் பேச்சுக்கு அவ்வளவு வயது! இபுன் பதூதாவை ஆள் கொடுத்து மலைக்கு அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச்சக்கரவர்த்தி என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள்.

இப்படிப் போவதென்றால் சொந்த வாகனம் சரிவராது. அது மலைக்கு மறுபக்கத்தில் நிற்கும். பஸ்ஸில் போய், ஹட்டனிலிருந்து ரயிலில் திரும்புங்கள். சாமான் முழுவதும் முதுகில் என்பதால் பாரத்தைக் குறையுங்கள். பகலிலேயே ஏறத் தொடங்குங்கள். அந்தப் பக்கம் கடைகள் குறைவு. தண்ணீர், டோர்ச் அவசியம். ஈரமான நாளில் அட்டை கடிக்கும், சப்பாத்துக்கு மேல் காலுறையில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு சோதனை. புறப்பட மூன்று வாரத்துக்கு முன் ஏதாவது மாடிக் கட்டடத்தில் அரை மணித்தியாலம் ஏறி இறங்கிப் பாருங்கள். அடுத்த நாள் முழங்கால் வீங்கினாலோ, வலி விடாமல் இருந்தாலோ இரத்தினபுரியை இந்த வருடம் விட்டுவிட்டு, வைத்தியரிடம் காட்டிய பிறகு ஹட்டன் பக்கத்தாலேயே ஏறி இறங்குங்கள். மகனுக்கு முதல் தடவை என்றால் அந்தப் பாதையே நிறைவாக இருக்கும்.

எப்படிப் போனாலும் போயாவையும் (பௌர்ணமி) வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள். அந்த இரவுகளில் கடைசிப் படிகளில் வரிசை நகராமல் மணிக்கணக்காக நிற்கும்; வியர்த்த உடம்போடு அந்தக் குளிரில் நிற்பது பிள்ளைக்குக் கொடுமை. உலர்ந்த மேற்சட்டை ஒன்றும் தடித்த காலுறையும் பையில் இருக்கட்டும், மேலே பாதணியைக் கழற்ற வேண்டும்.

சூரியன் எழுந்ததும் கூட்டம் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கும். நீங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் முக்கோணமாக இரத்தினபுரிக் காடுகளின்மேல் விழுந்திருக்கும். வெயில் ஏறக் குறுகிவிடும், பிந்த வேண்டாம்.