காணாமல் போன டி டிரைவ்

கேள்வி: கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். என்னிடம் இருப்பது வின்டோஸ் 7 போட்ட பழைய மேசைக் கணினி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சென்ற மாதம் அது இயங்காமல் போகவே ஒரு கடையில் கொடுத்து வின்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்கினேன். இப்போது சி டிரைவ் இருக்கிறது. டி டிரைவைச் சொடுக்கினால் டிவிடி வைக்கும் தட்டு வெளியே வருகிறது. ஆலயக் கணக்கும் குடும்பப் படங்களும் டியில்தான் இருந்தன. அந்தப் பகுதி செத்துவிட்டது, கொழும்புக்கு அனுப்பி மீட்க 25,000 ரூபா ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் மாஸ்டர். பணத்தையும் கொடுக்காதீர்கள், ஹார்ட் டிஸ்கையும் கொடுக்காதீர்கள்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. டியைச் சொடுக்கினால் தட்டு வெளியே வருகிறதென்றால், டி என்ற எழுத்தை இப்போது டிவிடி வைத்திருக்கிறது. சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பகுதிகள்; உங்கள் பழைய டி பெரும்பாலும் எழுத்தில்லாமல் உள்ளே கிடக்கிறது. எழுத்தில்லாத எதையும் ‘கம்ப்யூட்டர்’ சாளரம் காட்டாது. மாநகர சபை வீட்டு இலக்கத்தை மாற்றினால் தபால்காரர் படலையடியில் நின்று தடுமாறுவார். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கும். எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்ற பட்டியலை வின்டோஸ் ரெஜிஸ்ட்ரி என்ற தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. புதிய வின்டோஸ் வந்ததும் பழைய பட்டியல் போய்விட்டது. அவ்வளவுதான். இதைக் கடைக்காரர் அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘கொழும்புக்கு அனுப்ப வேண்டும்’ என்ற வசனத்தை நான் கேட்காத மாதமில்லை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். சி டிரைவின் மீது வலது சொடுக்குப் போட்டு ‘புரோப்பர்ட்டீஸ்’ என்பதில் அதன் அளவைப் பாருங்கள். முன்பு இருந்த அளவே இருந்தால் நிம்மதி. சி மட்டுமே 465 ஜிபி என்று காட்டினால் டியை அழித்து ஒன்றாக்கிவிட்டார்கள் என்று பொருள். அப்போது கணினியை உடனே நிறுத்திவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். (500 எப்படி 465 ஆனது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், வின்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதில் களவில்லை.)

சியின் அளவு சரியென்றால், ‘கம்ப்யூட்டர்’ படத்தின் மீது வலது சொடுக்கு, ‘மேனேஜ்’, பிறகு இடப்பக்கத்தில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’. கடவுச்சொல் கேட்டால் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சொத்து. கீழே ‘டிஸ்க் 0’ என்று ஒரு நீளப்பட்டை தெரியும். அதில் சிக்குப் பக்கத்தில், எழுத்து எதுவும் இல்லாமல், பழைய டியின் அளவோடு ஒரு கட்டம் இருந்து, ‘என்டிஎஃப்எஸ்’, ‘ஹெல்தி’ என்று எழுதியிருந்தால் உங்கள் கணக்கும் படங்களும் அங்கேதான் இருக்கின்றன. ‘ரா’ என்று எழுதியிருந்தால், அந்தப் பகுதியை வின்டோஸால் வாசிக்க முடியவில்லை என்று பொருள்; எதையும் தொடாமல் மூடிவிடுங்கள்.

இங்கே ஓர் இடறல். எழுத்தில்லாத இரண்டு கட்டங்கள் தெரியக்கூடும். ஒன்று மிகச் சிறியது, 100 எம்பி, ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ என்று பெயர். அதற்கு எழுத்து இல்லாததுதான் முறை. வின்டோஸ் 7 தான் எழுந்திருப்பதற்கான கோப்புகளை அதற்குள் வைத்திருக்கிறது. அதற்கு நீங்கள் எழுத்துக் கொடுத்தால் உடனே ஒன்றும் ஆகாது; ஆனால் ‘கம்ப்யூட்டர்’ சாளரத்தில் புதிதாக ஒரு குட்டி டிரைவ் முளைக்கும். இது என்ன வேண்டாத சாமான் என்று யாராவது அதைத் துடைத்துவிடுவார்கள். மறுநாள் காலை கறுப்புத் திரையில் ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று வரும். கெட்டித்தனமான மருமகன்மார் இருக்கும் வீடுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். எனவே அளவைப் பாருங்கள்: எம்பி என்றால் விடுங்கள், ஜிபி என்றால் தொடுங்கள்.

இனி வேலை. அதே சாளரத்தின் அடியில் ‘சிடி-ரோம் 0’ என்றிருக்கும். அதன் மீது வலது சொடுக்கு, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அன்ட் பாத்ஸ்’, பிறகு ‘சேஞ்ச்’, டியை எடுத்து இசட் ஆக்குங்கள். சில மென்பொருள்கள் இயங்காமல் போகலாம் என்று எச்சரிக்கும், ‘யெஸ்’ கொடுங்கள். அடுத்து எழுத்தில்லாத பெரிய கட்டத்தில் அதே வரியைத் தெரிவு செய்து ‘அட்’ அழுத்தி டியைக் கொடுங்கள். முடிந்தது.

முடிந்தது என்று எழுதுவது எளிது. வலது சொடுக்கில் விரியும் அந்தப் பட்டியலை வடிவமைத்தவர் கையில் கிடைத்தால் நல்ல வார்த்தை நாலு சொல்லுவேன். எழுத்து மாற்றும் வரிக்கு நேர் கீழே ‘ஃபார்மட்’. நேர் மேலே ‘மார்க் பார்ட்டிஷன் அஸ் ஆக்டிவ்’. கீழே வழுக்கினால் படங்கள் போகும், மேலே வழுக்கினால் கணினி எழும்பாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் ஒரே தட்டில் ஒரே நிறப் போத்தல்! பிளாப்பி என்ற பழைய நெகிழ்வட்டு செத்து இத்தனை காலமாகியும் அதற்காக ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளை இன்றுவரை ஒதுக்கி வைத்திருப்பவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரியை வாய்விட்டு வாசித்து, அதன்பிறகு சொடுக்குங்கள். ‘ஃபார்மட்’ என்ற சொல் எந்தச் சாளரத்தில் வந்தாலும் ‘கேன்சல்’.

டி திரும்பியதும் முதல் வேலை, எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதியெடுப்பது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த வீடுகள் இங்கே எத்தனை! வெளிநாட்டு உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பியவைதான் பல குடும்பங்களுக்கு மிஞ்சிய படங்கள். அவற்றை ஒரேயொரு பழைய டிஸ்கில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி எப்போதாவது கணினியைக் கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், ஹார்ட் டிஸ்கின் மேலுள்ள தொடர் இலக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். நல்ல டிஸ்க் போய்ப் பழைய டிஸ்க் திரும்பி வந்த கதைகள் உண்டு. ‘செத்துவிட்டது’ என்று சொன்னால், டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தை உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆலயக் கணக்கைத் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால் பதறவேண்டாம், அது வைரஸும் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். புதிய வின்டோஸில் பாமினி இல்லை. தட்டச்சு செய்து கொடுக்கும் கடை எதிலும் அந்தக் கோப்பு இருக்கும். பென்டிரைவில் வாங்கி வந்து, வலது சொடுக்குப் போட்டு ‘இன்ஸ்டால்’ கொடுங்கள்.