எப்போதும் எரிந்து விழும் ஒருவரைக் குறை சொல்லாமல் புரிந்துகொள்வது எப்படி?

வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் ஒரு பெரியவர் இருக்கிறார், ‘பரிவோடு நடந்துகொள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை என்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் நியாயமானது. பரிவு என்றால் பொறுத்துப்போவது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது, ‘இவர் ஏன் இப்படி?’ என்று கேட்டுவிட்டு ‘குணமே அப்படி’ என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது.

என் பெரியப்பாவுக்கு வீட்டில் சிடுமூஞ்சி என்று பெயர். பேத்திகள் ஏதாவது கேட்டால் “என்ன முணுமுணுப்பு?” என்று சீறுவார். பெரியம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார். அதே மனிதர் தன் நண்பரோடு மணிக்கணக்கில் சிரித்துப் பேசுவார். வெளியாள் என்றால் இனிக்கிறது, வீட்டுப் பெண்கள் என்றால் இளக்காரம் என்பது குடும்பத்தின் தீர்ப்பு. அக்காதான் ஒன்றைக் கவனித்தாள்: அந்த நண்பருக்குக் கனத்த குரல்; பெரியப்பா சீறுவதெல்லாம் மெல்லிய குரல்களிடம்தான். அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துப்போனாள்.

வயதாவதால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளில்தான் தொடங்கும். குழந்தைகளின் குரல், பெண்களின் குரல், ‘ச’ போன்ற மெல்லிய மெய்யொலிகள் எல்லாம் முதலில் மங்கும். பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. அதனால்தான் ‘எனக்கு நன்றாகக் கேட்கிறது, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள்’ என்று சாதிப்பார்கள். அதில் வீம்பு எதுவும் இல்லை, அவர்களுக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. நாள் முழுக்க அரைகுறைச் சொற்களை ஊகித்து ஊகித்துக் கோத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் மாலைக்குள் பொறுமை தீர்ந்துவிடும். நாமோ குரலை உயர்த்திக் கத்துவோம். கத்தும்போது சொல் இன்னும் சிதையும், முகமும் கோபமாகத் தெரியும். எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவதுதான் உதவும். காதுக்கருவி போட்ட பிறகும் பெரியப்பாவுக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் பேத்திகளோடு உட்கார்ந்து பேசுகிறார்.

1973இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கிறிஸ்தவ சமயக் கல்வி பயின்ற மாணவர்களை, ஓர் உரை நிகழ்த்தப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் துவண்டு உட்கார்ந்து இருமி முனகிக்கொண்டிருப்பார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவ முன்வந்தார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போனதோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றி! தூரத்தில் நின்று பார்ப்பவர் ‘கல்நெஞ்சக்காரர்கள்’ என்றுதான் சொல்லியிருப்பார். அவர்களைத் துரத்திய அவசரம் அவர் கண்ணுக்குத் தெரியாது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ‘சின்ன வயதில் ஏதோ அடிபட்டிருப்பார், பாவம்’ என்று நாமே ஒரு கதை கட்டி, அதை அவர் மேல் போர்த்திவிடுவது. அதுவும் தீர்ப்புதான், கொஞ்சம் மென்மையாகச் சொல்லப்பட்ட தீர்ப்பு. ஊகிப்பதைவிடக் கேட்பது நல்லது. “ஏன் இப்படிக் கத்துகிறீர்கள்?” என்று கேட்டால் எதிராளி தற்காப்பில் இறங்கிவிடுவார். கோபம் தணிந்த வேறொரு வேளையில், “ராத்திரி தூக்கம் வருகிறதா? எங்கேயாவது வலிக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். தீராத வலி, தூக்கமின்மை, சில மருந்துகள், வெளியே சொல்ல முடியாத பணக் கவலை, எதுவாகவும் இருக்கலாம். உடனே பதில் வராது. இரண்டு மூன்று முறை மழுப்பிய பிறகுதான் பலர் வாய் திறப்பார்கள்.

சில சமயம் காரணம் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் அவர் மாறாமல் இருக்கலாம். புரிந்துகொண்டுவிட்டோம் என்பதற்காக அவமானத்தை விழுங்க வேண்டிய கடமை உங்களுக்கு வந்துவிடாது. “நீங்கள் சோர்ந்திருப்பது தெரிகிறது. ஆனால் இந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதீர்கள். நான் கொஞ்ச நேரம் கழித்து வருகிறேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் வலியையும் மதிக்கிறீர்கள், உங்கள் எல்லையையும் காட்டுகிறீர்கள். கை நீட்டுபவர், மிரட்டுபவர் என்றால் விஷயமே வேறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பாதுகாப்பை. அவரைப் புரிந்துகொள்ளும் வேலையை விலகி நின்ற பிறகு செய்துகொள்ளலாம். செய்யாமலே விட்டாலும் உங்கள் மேல் குற்றமில்லை.