மனப்பாடமும் மணிக்கட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டியில் தங்கித் தாதியர் பயிற்சியின் முதலாம் வருடத்தில் படிக்கிறேன். வீடு ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். உடலமைப்பியலும் உடற்றொழிலியலும் என்னை அழவைக்கின்றன. 206 என்புகளின் பெயர்களை எழுதி எழுதிப் பார்க்கிறேன். மணிக்கட்டில் உள்ள எட்டும் மறுநாளே மறந்துவிடுகின்றன. அம்மா கொழுந்து பறிக்கிறார். இரவில் கை மரத்துப்போய் எழுந்து உதறிக்கொண்டிருப்பார். அவருடைய உழைப்பை வீணாக்குகிறேனோ என்று பயமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விட வேண்டாம். அம்மாவின் கையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நீங்கள் தடுமாறும் பாடம் அந்த வரியில்தான் இருக்கிறது.

இடது கையால் வலது முன்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கொழுந்து கிள்ளுவதுபோல விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கையில் ஏதோ புரளும். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது. அந்தப் பெரிய தசைகள் முன்கையில் இருந்துகொண்டு நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாகப் போகின்றன. உங்களுக்கு மறந்துபோகும் அந்த எட்டு என்புகள்தான் அதன் அடியும் பக்கங்களும். மேலே தடித்த நார்ப்பட்டை மூடியிருக்கிறது. அந்த ஒன்பதோடு நடு நரம்பும் அதே இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஓயாமல் கிள்ளும் கையில் தசைநாண்களின் உறை தடித்துவிட்டால் என்பும் விலகாது, பட்டையும் விரியாது; நசுங்குவது நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரலின் நரம்பு அந்த இடுக்குக்கு வெளியே போவதால் அது தப்பிவிடும்.

இப்போது அந்த எட்டின் பெயர்களைப் படியுங்கள். பெயர்களை மனப்பாடம் செய்யாமல் யாரும் தப்ப முடியாது. வார்டில் பெயர் மாறிப்போனால் பாதிக்கப்படுவது நோயாளி. ஆனால் அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு வரும் பெயர் மனதில் நிற்கும். அமைப்பை ஒரு கொப்பியிலும் தொழிலை இன்னொரு கொப்பியிலும் எழுதவைக்கும் வழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது. உடலில் அவை பிரிந்து இல்லை.

குருதி உறைதலும் அப்படித்தான். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் கசிவதைச் சிறுவயதிலேயே பார்த்திருப்பீர்கள். அட்டையின் உமிழ்நீர், இரத்தத்தை உறையவைக்கும் நொதியான திரொம்பினைத் தடுத்துவிடுவதால், காயத்தை அடைக்கும் பைபிரின் என்ற நார்வலை உருவாவதில்லை. இதை அறிந்தவர் அந்தப் படிமுறையைத் தலைகீழாகவும் சொல்லுவார்.

விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, எந்தெந்த விரல்கள் மரக்கின்றன என்று அம்மாவிடம் கேளுங்கள். நோயை நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆரம்பத்திலேயே போனால், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. பெருவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தால் விடுமுறை வரும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா