துரிசு பூஞ்சையைக் கொல்லும், மரத்தை ஏன் விடுகிறது?

கேள்வி: மழைக்கு முன்னால் ரப்பர் மரத்துக்குத் துரிசும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோம். பூஞ்சை சாகிறது, இலைக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டும் உயிர்தானே சார்? – வாசகர், அருமனை

பதில்: இலைக்கு ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது? சுண்ணாம்பு சேர்க்காமல் வெறும் துரிசு (செம்பு சல்பேட்) கரைத்த தண்ணீரை ஒரு கொப்பில் அடித்துப் பாருங்கள், கருகிவிடும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துரிசு, ஒரு கிலோ சுண்ணாம்பு என்பது கணக்கு. சுண்ணாம்பு மட்டமாக இருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். என் தகப்பனார் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பார். இரும்பில் சிவப்பு படிந்தால் செம்பு இன்னும் தனியாகத் திரிகிறது என்று அர்த்தம். இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்றுவார். பால்வெட்டுக் கத்தியை மட்டும் இதற்குத் தொடவே விடமாட்டார். செம்பு பட்ட ரப்பர் பாலில் ஷீட் போட்டால் பிசுபிசுத்துப் போகும்.

சுண்ணாம்போடு சேர்ந்த செம்பு லேசில் கரையாது. இலை ஈரத்தில் துளித்துளியாகக் கசியும். இலையுதிர் நோயைக் கொண்டுவரும் ஃபைட்டோப்தோராவின் வித்துகள் அதே ஈரத்தில்தான் நீந்துகின்றன, செல்சுவர்கூட இல்லாமல். (பூஞ்சை என்று நாம் சொன்னாலும் அது பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.) செம்பு நேரே உள்ளே போய் நொதிகளின் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும், அங்கே இருக்கும் வேறு உலோகத்தைத் தள்ளிவிடும். அதோடு கதை முடிந்தது.

இலைக்கோ மேலே மெழுகுத் தோல் இருக்கிறது. அதைத் தாண்டி வரும் செம்பை இலைச் செல் அப்படியே தடுத்துவிடவும் முடியாது. ஒளிச்சேர்க்கைக்கும் சுவாசத்துக்கும் அது வேண்டுமே! ஆகவே உள்ளே வந்ததும், சித்தாட்கள் செங்கல்லைக் கைமாற்றுவதுபோல, புரதங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து உரிய இடத்தில் சேர்க்கின்றன. ஈஸ்ட் செல்லில் இப்படிக் கைமாற்றுவதால், தனியே திரியும் செம்பு ஒரு செல்லுக்கு ஓர் அணுகூடத் தேறாது என்று 1999-இல் கணக்கிட்டார்கள். மிஞ்சியதை மெட்டலோதயோனின் என்ற கந்தகம் நிறைந்த சிறு புரதம் கட்டி வைக்கும். 1957-இல் இதை முதலில் கண்டெடுத்தது குதிரையின் சிறுநீரகத்தில்! நம் உடம்பிலும் இது உண்டு. வித்துக்கும் இந்த மாதிரி தற்காப்பு கொஞ்சம் உண்டுதான். வந்து விழும் அளவுக்கு அது காணாது.

கேள்வி: கணவாய் ஈரலைக் கறியில் போடலாமா? – வாசகி, குளச்சல்

பதில்: வேண்டாம் அம்மா. கணவாய் தின்னும் இரையிலுள்ள காட்மியம் என்ற நச்சு உலோகம் அதன் ஈரலில்தான் குவிகிறது. ஐரோப்பிய நாடுகள் குடல், ஈரல் நீக்கிய கணவாய்க்கே கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நம் குடலில் இரும்புச்சத்து நுழையும் வழியிலேயே காட்மியமும் நுழையும்; உடம்பில் இரும்பு குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக ஏறும். பிறகு சிறுநீரகத்தில் போய் மெட்டலோதயோனினோடு ஒட்டிக்கொண்டு பத்திருபது வருஷம் குடியிருக்கும். சதையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஈரலைப் பூனைக்கும் போடாதீர்கள்.