கிறிஸ்துமஸ் நேரத்தில் ஏமாறாமல் தாராளமாகக் கொடுப்பது எப்படி? விசாரித்தால் அது விசுவாசக் குறைவா?

கேள்வி கேட்டவரின் சங்கடம் இதுதான்: டிசம்பர் பிறந்தால் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் உதவி கேட்டு வருகிறார்கள். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. விசாரித்துக் கொடுக்கலாம் என்றால் விசுவாசம் இல்லாத ஆள் போலத் தோன்றுகிறது.

எனக்கு ஊர் காரைக்குடி. ஆடிட்டர் ஆபீஸில் வேலை, ஞாயிறு பூசைக்குத் தவறாத கத்தோலிக்கக் குடும்பம். அதனால் பதிலில் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசாரிப்பதற்கும் விசுவாசத்துக்கும் ஒரு பகையும் இல்லை. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் பணப்பை வைத்திருந்தவர் யூதாஸ்; அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டதையும் யோவான் தன் நற்செய்தியில் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். எருசலேமில் கஷ்டப்பட்டவர்களுக்காகப் பணம் திரட்டியபோது, ஊர் ஊராகப் போய்ச் சபைகளை நிறுவிய திருத்தூதர் பவுல் அதைத் தன் கையோடு வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பினார். நாளைக்கு யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாதே என்றுதான். பவுலே அப்படி என்றால், முன்பின் தெரியாத ஒருவரிடம் நாம் பதிவு எண் கேட்பதில் என்ன தப்பு?

எங்கள் பக்கத்து வழக்கமும் இதுதான். நகரத்தார் வியாபாரத்தில் மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அதற்குத் தனிக் கணக்கு, அதுவும் சாமி பேரிலேயே இருக்கும். அழகப்பச் செட்டியார் இங்கே மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள். வாரிக் கொடுத்தவர்தான், ஆனால் யாருக்கு, எதற்கு என்று தெரிந்து கொடுத்தவர்.

போன டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். அனாதைப் பிள்ளைகள் இல்லம் என்றார். கையில் லேமினேட் செய்த போட்டோ, ஒரு ரசீதுப் புத்தகம். புத்தகத்தில் அடிக்கட்டை இல்லை, வரிசை எண்ணும் இல்லை. என் மாமியார் "உட்காருங்க தம்பி" என்று காபி கொடுத்துவிட்டு, "இல்லம் எந்தப் பங்குல இருக்கு? எங்க ஃபாதருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத் தர்றேன்" என்றார். (பங்கு என்றால் ஒரு ஃபாதரின் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரம்.) அவ்வளவுதான், அவருக்கு அவசரமாக வேறு தெரு ஞாபகம் வந்துவிட்டது. டம்ளரில் பாதிக் காபி அப்படியே இருந்தது. நிஜமாக இல்லம் நடத்துகிறவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார், அவருக்கு இது பழகிப்போன கேள்வி. ஆதரவற்ற குழந்தைகளை வைத்திருக்கும் இல்லம் எதுவானாலும் 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிடலாம்.

என் வேலை சம்பந்தமாக ஒன்று. "ரொக்கமா ஐயாயிரம் குடுங்க, 80ஜி ரசீது தர்றோம், வரி மிச்சமாகும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்த விலக்கு கிடையாது. முறையாக நடத்துகிறவர்கள் பேங்க் வழியாகத்தான் கேட்பார்கள்.

போனில் வருவது இன்னும் மோசம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தம் உள்ள வீடுகள் இங்கே ஏராளம். அதனால் "உங்களுக்குக் கிறிஸ்துமஸ் பார்சல் வந்திருக்கு, கஸ்டம்ஸில் மாட்டியிருக்கு, பணம் கட்டுங்க" என்றால் நம்பத்தான் தோன்றும். முதலில் அந்தச் சொந்தத்துக்கே போன் போட்டு, அனுப்பினீர்களா என்று கேளுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. யாராவது போடச் சொன்னால் பணம் நம் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஆபரேஷனுக்கு உதவி என்று வரும் செய்திகளில், ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்குப் பேசி, நோயாளி பேரில் ஆஸ்பத்திரிக்கே கட்டிவிடுவது என் பழக்கம்.

அப்புறம், "இன்றைக்கே காணிக்கை அனுப்பினால் ஆசீர்வாதம், தாமதித்தால் தடை" என்று மிரட்டும் குரல்கள். இவற்றுக்கு என்னிடம் பொறுமை இல்லை. கடவுளுக்கு அப்படி என்ன அவசரம்?

ஆனால் இதையெல்லாம் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் காட்டாதீர்கள். நேரில் பசியோடு நிற்பவரிடம் ஆதாரம் கேட்பது எனக்குப் பிடிக்காத காரியம். சாப்பாடோ நூறு ரூபாயோ கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். அவர் பொய் சொல்லியிருந்தாலும் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கேரல்ஸ் பாட வரும் நம் பங்கு இளைஞர்களின் உண்டியலும் அப்படித்தான், தெரிந்த பிள்ளைகள்.

பெரிய தொகை கொடுக்க நினைத்தால் உங்கள் பங்கில் வின்சென்ட் தே பால் சபை இருக்கிறதா என்று பாருங்கள். 1833-இல் பாரிஸில் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்து உதவுவதுதான் அவர்கள் வேலையே. அதனால் எந்த வீட்டில் பிள்ளைக்குப் பீஸ் கட்டவில்லை, எந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்கள், தொடங்கும்போதே ஒரு தொகையைத் தனிக் கவரில் எடுத்துவைத்துவிடுவோம். யார் வந்தாலும் அதிலிருந்துதான். பண்டிகை முடிந்து மிச்சம் இருந்தால் வீட்டுச் செலவில் சேர்க்காமல் பொங்கலுக்குள் யாருக்காவது கொடுத்துத் தீர்த்துவிடுவோம்.