வீட்டை விட்டு வந்துவிட்டால் உரிமை போய்விடுமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 31 வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் டேனரியில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒன்பது வருடம், ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். என் சம்பள ஏ.டி.எம். கார்டு அவரிடம்தான் இருக்கிறது. அம்மா வீட்டில் போட்ட 18 பவுனில் 11 பவுன் அடகுக் கடையில். போன ஆடி மாதம் தலையில் தையல் போடும் அளவுக்கு அடித்தார். ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். பிறகு காவல் நிலையம் போனேன். "புருஷன் பொண்டாட்டி சண்டைதானே" என்று இருவரிடமும் எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். "இனி அடிக்க மாட்டேன்" என்று அவரும், "இனி புகார் கொடுக்க மாட்டேன்" என்று நானும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி அடி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே போலீசில் கேட்டால் "சம்பவம் நடந்தது அந்த மாவட்டம், அங்கே போங்கம்மா" என்கிறார்கள். வீடு தன் பெயரில் இருக்கிறது, இனி வாசல்படி மிதிக்காதே என்கிறார் மாமியார். கணவர் கம்பெனி கேட்டில் வந்து நின்று கத்துகிறார். உடனே டைவர்ஸ் போடு என்கிறான் அண்ணன். அவரை ஜெயிலில் தள்ள எனக்கு ஆசையில்லை. அடி நிற்க வேண்டும், நகை வேண்டும், குழந்தையை இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். டி.சி.க்கு அப்பா கையெழுத்து கேட்கிறார்கள். நானாக வீட்டை விட்டு வந்ததால் என் உரிமை போய்விட்டதா? எனக்கு மட்டும் ஏன் இப்படி?
பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்:

போகவில்லை. அடி தாங்காமல் வெளியேறிய பெண்ணை, இஷ்டப்பட்டு வீட்டை விட்டுப் போனவர் என்று சட்டம் எண்ணுவதில்லை. உங்களுக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்காதீர்கள். 2019–21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் "மாடிப்படி" என்று சொன்னார்களோ!

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "ஜெயிலில் தள்ள ஆசையில்லை" என்ற வரி. சட்டம் என்றாலே போலீஸ், கைது, சிறை என்று நினைத்துப் பெண்கள் பின்வாங்குவதை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்க்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 என்று ஒன்று இருக்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். அது கணவரைத் தண்டிப்பதற்காக வந்த சட்டம் அல்ல. அடியை நிறுத்தவும், கூரைக்கும் சோற்றுக்கும் வழி செய்யவும் வந்தது. நீங்கள் கேட்பவை பெரும்பாலும் அதற்குள்ளேயே கிடைக்கும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் எல்லைப் பிரச்சினை. 2019 வரை ஆம்பூரும் குடியாத்தமும் ஒரே வேலூர் மாவட்டம். பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போய்விட்டது, குடியாத்தம் வேலூரோடு நின்றது. அதனால் பாலாற்றைத் தாண்டி வந்தவர்களை "அங்கே போ, இங்கே போ" என்று விரட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்கிறது. அம்மா வீடு போதும். குற்ற வழக்காகக் கொண்டுபோனாலும் இதே பதில்தான்: கொடுமையால் வெளியேறிய மனைவி தஞ்சம் புகுந்த ஊரிலும் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. போதாததற்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். ஆகவே "அந்த மாவட்டம்" என்பது உங்களைத் திருப்பி அனுப்பக் காரணமே அல்ல.

அடுத்து அந்தக் கையெழுத்துக் காகிதம். அதற்கு நீங்கள் பயப்படத் தேவையில்லை, அவர்தான் பயப்பட வேண்டும். "இனி புகார் கொடுக்க மாட்டேன்" என்ற வாக்குறுதி உங்களைக் கட்டாது. பொது நலனுக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவே சொல்கிறது. ஆனால் "இனி அடிக்க மாட்டேன்" என்று அவர் எழுதியது அப்படியே நிற்கும். முன்பு அடித்தேன் என்பதைத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்திருக்கிறார். அதன் நகல் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அன்று சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கொடுத்திருந்தால் அந்த எண்ணையும் தேடி எடுங்கள். காவல் நிலையச் சமரசங்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. இரண்டு மாதம் அமைதி, பிறகு முன்னைவிடக் கூடுதல் அடி. உங்கள் கதையும் அதுதான். ஊர்ப் பெரியவர்கள், ஜமாத் என்று எங்கே பேசினாலும், மீறினால் என்ன என்பதற்கு அங்கே பதில் இருக்காது. நீதிமன்ற ஆணையில் இருக்கும்.

மனுவை குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவின் கீழ் குற்றவியல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) தாக்கல் செய்ய வேண்டும். அதில் என்னென்ன கேட்பது என்பதில் கவனம் வேண்டும். 18-வது பிரிவில் பாதுகாப்பு ஆணை: அடிக்கக் கூடாது, தொலைபேசியில் மிரட்டக் கூடாது, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது. கம்பெனி கேட்டை மனுவில் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்; குழந்தை படிக்கப் போகும் பள்ளியையும் சேருங்கள். பாதுகாப்பு ஆணையை மீறினால் அது தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். ஜெயிலுக்குப் போவதா இல்லையா என்பது இனி அவர் நடத்தையைப் பொறுத்தது, உங்கள் ஆசையைப் பொறுத்தது அல்ல. ஆணையின் நகல் உங்களுக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும். ஒரு ஜெராக்ஸைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், இன்னொன்றைக் கம்பெனி செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.

வீடு மாமியார் பெயரில் இருப்பது பற்றி: 2006 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு "எங்கள் வீடு, உனக்கென்ன உரிமை" என்று மாமனார் மாமியார்கள் பல காலம் வாதாடினார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று சொல்லி மாற்றிவிட்டது. கணவரோடு நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு, கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும், உங்களுக்கும் வசிக்கும் உரிமை உள்ள வீடாகலாம். சொத்துரிமை அல்ல, வசிக்கும் உரிமை. அதுவும் கட்டுப்பாடற்ற உரிமை இல்லை. வயதான பெற்றோரின் நிலையையும் நீதிமன்றம் பார்க்கும். கணவரை அந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லி ஆணையிட முடியும், மாமியாரை அப்படி வெளியேற்ற முடியாது. சட்டமே பெண்களுக்கு எதிராக அந்த ஆணையைத் தடுத்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே சட்டத்தின் 19-வது பிரிவில் மாற்று வீடு அல்லது அதற்கான வாடகை கேட்க வழி இருக்கிறது. குடியாத்தத்தில் வாடகை என்ன ஆகும் என்று விசாரித்து, அந்தத் தொகையைக் கேளுங்கள்.

எதிர்மனுதாரராக மாமியாரையும் சேர்க்கலாம். ஆண்களை மட்டும்தான் சேர்க்க முடியும் என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2016-லேயே நீக்கிவிட்டது. ஆனால் பெங்களூரில் இருக்கும் நாத்தனார், அவர் கணவர், சித்தப்பா மகன் என்று ரேஷன் கார்டு வரிசையில் எல்லாரையும் இழுக்காதீர்கள். யார் என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத பெயர் மனுவில் இருந்தால், உண்மையாக நடந்ததும் சேர்ந்து நீர்த்துப்போகும்.

ஆஸ்பத்திரியில் மாடிப்படி என்று சொன்னது பெரிய குறைதான், ஆனால் வழக்கைக் கெடுத்துவிடாது. அன்றைய ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்குங்கள். காயத்தின் இடமும் அளவும் அதில் இருக்கும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் நேராக எழுதிவிடுங்கள். பக்கத்தில் கணவர் நின்றிருந்தாரென்றால் அதையும் எழுதுங்கள். இரண்டாவது அடிக்கு இன்னும் வைத்தியம் பார்க்கவில்லை என்றால், இன்றைக்கே அரசு மருத்துவமனை போய் உள்ளதை உள்ளபடி சொல்லி ஏ.ஆர். போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஆடியோ இருந்தால் அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம்.

இனி பணம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வதும் சம்பளத்தை எடுத்துக்கொள்வதும், இந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்லும் பொருளாதார வன்முறைக்குள் வரும். ஆனால் இதற்கு நீதிமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே வங்கிக்குப் போய் கார்டை பிளாக் செய்து புதுக் கார்டு வாங்குங்கள், கணக்கோடு இருக்கும் மொபைல் எண் அவருடையது என்றால் மாற்றுங்கள், ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஏ.டி.எம்.மில் எப்போது எடுத்தார் என்பது அதிலேயே தெரியும். நீங்கள் ஷிப்டில் இருந்த நேரத்தில் எடுத்த பணமென்றால் சாட்சிக்கு வேறென்ன வேண்டும்? நகை உங்களுக்கே சொந்தமான சீதனம். அடகு வைத்தது அவர் என்றாலும் மீட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கல்யாண ஆல்பம், நகைக்கடைப் பில், அடகு ரசீதின் புகைப்படம் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். மிச்சமிருக்கும் 7 பவுனையும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று இடைக்கால ஆணையும் சேர்த்தே கேளுங்கள்.

நீங்கள் சம்பாதிப்பதால் ஜீவனாம்சம் கிடையாது என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். மனைவிக்கு வருமானம் இருப்பது மட்டுமே தடை அல்ல என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் வந்ததுதான். குழந்தைக்கான தொகையை எப்படியும் மறுக்க முடியாது. கணவர் மாதச் சம்பளக்காரர் என்பது உங்களுக்குச் சாதகம். ஆணைப்படி பணம் தராவிட்டால், டேனரி நிர்வாகமே அவர் சம்பளத்தில் பிடித்து உங்களுக்குச் செலுத்தும்படி நடுவர் உத்தரவிட முடியும். இது பலருக்கும் தெரியாத பிரிவு: 20(6).

சட்டத்தில் எழுதியிருக்கும் காலக்கெடு அழகானது. மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். நடைமுறையில் நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்கே அதைவிட நாள் பிடிக்கும். ஆகவே மூல மனுவோடு 23-வது பிரிவில் இடைக்கால மனுவையும் சேர்த்துப் போடுங்கள். அவசரம் தெரிந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே ஆணை தரலாம்.

மனு எழுத வக்கீல் ஃபீஸ் எங்கே என்று யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை அது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். மாவட்டச் சமூக நலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் போனால் நடந்ததைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி நடுவருக்கு அனுப்புவார். மாவட்டம் முழுவதையும் பார்க்கும் அலுவலர் என்பதால் தாமதமாகலாம். அந்த அறிக்கை இல்லாமலும் நேரடியாக மனு போட முடியும், 2022-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இரவில் அவர் வந்து கதவைத் தட்டினால் 112. தங்க இடமும் ஆலோசனையும் வேண்டுமென்றால் 181.

குற்ற வழக்கு வேண்டுமா என்பது உங்கள் முடிவு. மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. புகார் கொடுத்த மறுநாளே கைது என்பதெல்லாம் சினிமா. ஏழாண்டுக்கு உட்பட்ட குற்றங்களில் காரணமில்லாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்துவிட்டது. ஆனால் இதற்கு மூன்றாண்டுக் காலவரையறை இருப்பதை மறந்துவிடாதீர்கள். குடும்ப வன்முறை மனுவுக்கு அந்தச் சிக்கல் இல்லை; உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அப்படித் தீர்ப்புச் சொன்ன வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான்.

குழந்தையின் டி.சி. சின்ன விஷயம், ஆனால் அம்மாக்களை இதை வைத்துத்தான் மடக்குவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானது என்று காரணம் சொல்லி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. அப்பா கையெழுத்து என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. குழந்தையை முதலில் இங்கே சேர்த்துவிடுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவில் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும் அதே மனுவில் கேளுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: தங்கை மேல் அக்கறை புரிகிறது, ஆனால் விவாகரத்து இன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவில்லை. மனைவி என்ற நிலையில்தான் வசிப்பிட உரிமை வலுவாக இருக்கிறது. பாதுகாப்பு ஆணையும் வாடகையும் கைக்கு வரட்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, பயமில்லாமல் தூங்கி எழுந்த ஒரு பெண்ணாக நீங்களே அதைத் தீர்மானியுங்கள்.

நீதிமன்றம் மனுவுக்கு எண் கொடுத்ததும் கணவர் தரப்பிலிருந்து ஆள் வரும், "வாபஸ் வாங்கும்மா, பேசிக்கலாம்" என்று. பேசுவதில் தப்பில்லை. பேச்சை நீதிமன்றம் அனுப்பும் ஆலோசகர் முன்னிலையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் "கோபத்தில் அடித்தேன்" என்று நியாயம் பேச விதிகளே அனுமதிப்பதில்லை. ஒத்துவந்தால் நகை, வாடகை, குழந்தையைப் பார்க்கும் நாள் எல்லாவற்றையும் நடுவர் ஆணையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆணை வரும்வரை மனுவை வாபஸ் வாங்காதீர்கள்.