வவுனியாவில் பழைய வீட்டை வாங்கித் திருத்தலாமா, இடித்துவிட்டுக் கட்டலாமா?

வவுனியா டவுனுக்குள் பழங்காலத்து வீடு ஒன்று விலைக்கு வருகிறது, பார்க்க நல்லாய் இருக்கிறது, திருத்தினால் செலவு கையைக் கடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிக்கும். அதற்காக உடனே ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் வெளிநாட்டில் இருந்துதான் கேட்கிறீர்கள் போல, அப்படியென்றால் படத்தைப் பார்த்து அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் அம்மப்பாவின் வீடு ஸ்டேசன் பக்கம். 1905இல் வடக்கு ரயில் பாதை முடிந்தபிறகு அந்தப் பக்கம் எழும்பிய வீடுகளில் ஒன்று. களிமண் சாந்தில் அடுக்கிய செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு, முதிரைக் கைமரம், ஓடு. அம்மப்பா காலத்தில் அது நன்றாகத்தான் நின்றது. பிறகு வந்த ஒவ்வொருவரும் 'திருத்தினார்கள்', வினையே அங்கேதான். சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்தை அப்பினால் ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும், களிமண் சாந்து இளகும், வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் விறாந்தைச் சுவரில் ஒரு வெடிப்புக்கூட இல்லை, பெயின்ற் பளபள. தட்டினால் மட்டும் தொம் தொம் என்றது. மேசன் ஐயா அலவாங்கால் ஒரு நெம்பு நெம்ப, பூச்சு பலகை மாதிரி ஒரே துண்டாய்க் கழன்று விழுந்தது. உள்ளே கல்லுக்கு நடுவில் இருந்த சாந்து விரலால் சுரண்டினாலே வந்தது.

கூரையிலும் இதே கதைதான். முதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்தபிறகு ஓட்டைத் தாங்க அவசரத்துக்கு அடித்த தென்னஞ்சிலாகைகளைத்தான் கறையான் முடித்திருந்தது, ஸ்க்ரூடிரைவர் பிடிவரை இறங்கியது.

கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சுவரின் அடியை மூன்று மூன்று அடியாக, ஒன்றுவிட்டு ஒன்று பிரித்துக் கட்டினோம். ஒரேயடியாய்ப் பிரித்தால் சுவர் குந்திவிடும். சீமெந்தை முழுக்க உரித்துச் சுண்ணாம்பே பூசினோம். சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆளைத் தேடித்தான் நாய்ப்பாடு பட்டது, இளம் மேசன்மார் சிரிக்கிறார்கள். கனடாவில் இருந்து மூத்த அண்ணா வேறு வாட்ஸ்அப்பில் "உதை இடிச்சுப்போட்டு பிளேட் போட்டுக் கட்டு" என்று வாய்ஸ் அனுப்பிக்கொண்டே இருந்தார், பிளேட் என்றால் கொங்கிறீட் தட்டுக் கூரை. காசு அனுப்பவில்லை, வாய்ஸ் மட்டும்தான்.

நான் எஞ்சினியர் இல்லை, எஞ்சினியர்மார் கோபிக்க வேண்டாம். எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றலாம் என்றும் சொல்லவில்லை. அத்திவாரமே ஒரு பக்கம் இறங்கி, சுவர் தூக்குக்குண்டு நூலுக்கு நேராய் இல்லாமல் சாய்ந்து நின்றால் விட்டுவிடுங்கள். குளத்துக்குக் கீழே களிமண் காணி என்றால் இன்னும் கவனம், மாரியில் ஊதி கோடையில் வெடிக்கிற மண் அது. ஜன்னல் மூலையில் சரிவாய் வெடிப்பு இருந்தால் அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி, ஒரு மாரி போகவிட்டுப் பாருங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டினால் வீடு இன்னும் அசைகிறது.

இன்னொன்று, மணல். எங்கள் ஒழுங்கையால் இரவிரவாய் டிப்பர் போகிறது, எங்கள் ஆற்று மணல்தான். ஆனால் ஊருக்குள் ஒரு சுவர் கட்டுகிறவன் பெர்மிட்டுக்கு அலைந்து களைத்து, கடைசியில் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். இதைக் கேட்க ஆளில்லை, கேட்டால் நாங்கள்தான் கள்ளர்.

சரி, உங்கள் விஷயம். சொந்தக்காரரிடம் கேட்டு நிலத்தில் இருந்து மூன்றடி உயரத்துக்கு நாலைந்து இடத்தில் பூச்சை உடைத்துப் பாருங்கள். விடமாட்டேன் என்றால் விலையை அதற்கேற்ப அடித்துப் பேசுங்கள். வாங்கினால் ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடியிருக்க வேண்டும், மணலை இப்போதே பேசி வையுங்கள்.